நான் ‘இல்லை’ என்று எழுதிய கரை

தண்ணிப்பூச்சி பிடிக்கிற வேலைன்னு சொன்னா பொண்ணு பார்க்க வந்தவங்களே பாதி காபியில எழுந்து போயிடுவாங்க. என் வேலை அதுதான். மரக்காணம் பக்கம் ஓடைங்க கழுவெளி ஏரியில சேர்றதுக்கு முன்னாடி, உப்பு ஏறாத கரையோரத் தண்ணியில கடுகை விடச் சின்னதா இறால் ஜாதி உயிருங்க இருக்குதான்னு பார்த்து ஃபார்ம்ல எழுதணும். ஃபார்ம் நிரப்பியே கண்ணாடி போட்ட உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும்.

பாட்டில்

சேர்ந்த புதுசுல பெருமுக்கல் ரோட்டு டீக்கடையில, பிடிச்சதைப் பாட்டிலோட பெருமையா வெளிச்சத்துல தூக்கிக் காட்டினேன். உள்ளே வெள்ளைப் புள்ளிங்க துள்ளித் துள்ளி நீந்துது. டீ மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா? எங்க குடத்துல தெனம் வருது, நாங்க சும்மாவே குடிக்கிறோம்.”

புது ஷூ

உப்பளத்துக்கு மேற்கே ஓர் ஓடை. கரை முழுக்கக் கோரை, இறங்கினா முட்டி வரைக்கும் சேறு. அன்னிக்குன்னு பார்த்துப் புது ஷூ போட்டிருந்தேன். சின்னப் பாலத்து மேலேயே நின்னு, வலையைக் கயித்துல கட்டி நடு ஓடையில இறக்கினேன். ஒண்ணும் சிக்கலை. ‘கரையோரம்’னு இருந்த கட்டத்துல ‘இல்லை’ன்னு எழுதினேன். கரையில கால் வைக்காமலேயே எழுதினேன். நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலேயே எரிச்சலா வருது.

“கீழ இறங்கலையா மேடம்?”ன்னு டிரைவர் கேட்டார். எல்லாம் ஒரே தண்ணிதானேன்னேன்.

“அப்ப சரி, வண்டியும் சேறாகாமத் தப்பிச்சுது.”

மல்லிகா

அடுத்த வருஷம் போனப்ப கோரையையே காணோம். ஜேசிபி வெச்சு வழிச்சு, ரெண்டு பக்கமும் கல்லு பதிச்சிருந்தாங்க. கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற மல்லிகா அங்க இருந்தா. என் வயசுதான் இருக்கும், அவ வீட்டுல அடுப்பு எரியிறதே அந்த இறாலாலதான். காலையில இருந்து தடவியும் கூடையில நாலே நாலு. கரையில ஒண்ணும் இல்லைன்னு யாரோ எழுதிக் குடுத்ததாலதான் கல்லு பதிக்கிற வேலைக்குத் தடையே வரலைன்னு சொன்னா.

“அது நான்தான்”னு சொல்லிட்டேன். எங்க வலை போட்டேன்னு கேட்டா. பாலத்தைக் காட்டினேன்.

“நடு ஓடையில என்னா மேடம் இருக்கும்? பூச்சியெல்லாம் கோரை வேர்லதான் ஒண்டும், அதைத் தின்னத்தான் எறா வரும்”னா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கூடையை மறுபடி கடிக்கிறதுக்கு முன்னாடி மெதுவா ஒண்ணு சொன்னா:

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எறங்கி எடுத்துக் குடுத்திருப்பேனே.”

திருத்தம்

மறுநாளே ஆபீஸ்ல போய், என் ஃபார்ம் தப்பு, திருத்தணும்னு நின்னேன். அதிகாரி பொறுமையாத்தான் கேட்டார். இப்ப அங்க ஏதாவது இருக்குதான்னார். இல்லை சார்னேன்.

“நீயும் ‘இல்லை’ன்னுதானேம்மா எழுதியிருக்கே, அப்புறம் எதைத் திருத்துறது?”

இத்தனை வருஷத்துல என் ஃபார்ம் ஒண்ணு ஒரு கேள்வியும் இல்லாம ஆபீஸ்ல பாஸானது அந்த ஒரு தடவைதான்.