அமாவாசைப் பலகை

ஒரே தோசைக்கு இரண்டு விலை வைத்த மகானுபாவர் ஒருவரை எனக்குத் தெரியும். திருவள்ளூரில், கோவில் குளத்துக்குப் போகிற தெருவில் ஹோட்டல் வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்கும். அதன் ஒரு பக்கம் சாதாரண நாள் விலை. மறுபக்கம் அமாவாசை விலை. அமாவாசைக்கு ஊர் ஊராக ஜனம் வந்து இறங்குவதால், முதல் நாள் மாலையே பலகையைத் திருப்பிப் போட்டுவிடுவார். அதே மாவு, அதே கல், அதே சாம்பார். விலை மட்டும் ஏறியிருக்கும். பசியோடு வருகிறவனிடம் பிடுங்குவதற்குப் பலகை எழுதிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் மீஞ்சூரில் இருந்தோம். நைனா அங்கே ஓர் அரிசி ஆலையில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். அப்பாவை நைனா என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஐம்பது மூட்டை எடையைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். தராசு முள் நடுவில் நிற்காமல் ஒரு பிடி அரிசிகூட வெளியே போகவிடமாட்டார் என்று வியாபாரிகளே சொல்வார்கள். அந்தப் பெருமையில் பாதி எனக்கும் சேர்ந்தது என்பது என் எண்ணம். நாலாம் வகுப்பில் கூட்டலுக்கு நான்தான் முதல்.

அம்மாவுக்குத் தீராத வயிற்றுவலி இருந்தது. மூன்று அமாவாசைக்குத் திருவள்ளூர் குளத்தில் வெல்லம் கரைத்தால் வெல்லம் கரைவதுபோல் வலியும் கரைந்துவிடும் என்று யாரோ சொல்ல, நைனா வேண்டிக்கொண்டார். மூன்றாவது அமாவாசைக்கு வலி நின்றும் விட்டது. ஆனால் போவதை நிறுத்தினால் வலி திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதனால் மாதாமாதம் மீஞ்சூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, அம்மா, நான், தம்பி என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார். வெல்லம் கரைத்து, பெருமாளைச் சேவித்து, அதன் பிறகுதான் வாயில் தண்ணீர். எங்கள் குடும்பம் வெளியில் சாப்பிட்டது என்றால் அந்த ஒரு வேளைதான்.

அம்மா ஒவ்வொரு தடவையும் ஹோட்டல் வாசலில் தயங்குவாள்.

"இன்னாத்துக்குங்க இந்தச் செலவு? ஊட்டாண்ட போய் கஞ்சி காச்சிக்கலாம் இல்ல?"

"மாசத்துல ஒரு நாளாவது நீ அடுப்பாண்ட போவாத. வா உள்ள" என்பார் நைனா. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வருவாள். யாரோ சுட்டு, யாரோ பரிமாறி, உட்கார்ந்த இடத்தில் அவள் சாப்பிட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மெதுவாக, தோசையின் ஓரத்திலிருந்து பிட்டுப் பிட்டுச் சாப்பிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. குளத்தில் கரைக்கிற வெல்லம்கூட விலை ஏறிவிட்டது. ஹோட்டல் முதலாளி சும்மா இருப்பாரா? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் பலகையில் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண் எழுதினார். நாற்பது பைசா மசால் தோசை ஐம்பது ஆயிற்று, அறுபது ஆயிற்று. இட்லி, காபி எல்லாம் பின்னாலேயே ஓடின. சாம்பாரில் மட்டும் பருப்பு வரவரக் குறைந்தது.

நைனாவும் தம்மால் முடிந்த தந்திரமெல்லாம் செய்தார். முதலில் தமக்கு மசால் தோசை வேண்டாம், இட்லியே நல்லது என்றார். அடுத்த மாதம், ஆளுக்கொரு காபி எதற்கு, ஒன்று வாங்கி அம்மாவும் அவரும் ஆற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்கடுத்த மாதம் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே தோசை. கடைசியில் வடையிலும் கை வைத்தார். எனக்கு வடை உயிர். அது வயிற்றில் வாயு பண்ணும் என்று அவர் திடீரென்று கண்டுபிடித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது நைனா சட்டைப்பையில் துழாவி, காபி டம்ளருக்கு அடியில் சர்வருக்குக் காசு வைப்பார். முதலில் பத்துப் பைசாதான் வைத்துக்கொண்டிருந்தார். வடை நின்றுபோன அதே மாதம் அது நாலணா ஆயிற்று! வடை இருபது பைசா. பெற்ற பெண்ணுக்கு இருபது பைசாவுக்கு வக்கில்லை, ஊரான் ஒருவனுக்கு இருபத்தைந்து பைசாவா? ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சர்வர் ஒல்லியாக, தோளில் ஈரத் துண்டோடு, சிரித்த முகமாக இருப்பார். எங்களைப் பார்த்ததும் மின்விசிறிக்கு அடியில் உள்ள மேசையைத் துடைத்து விடுவார். ஒரு தோசையைக் கேட்காமலே இரண்டாக வெட்டி இரண்டு தட்டில் கொண்டுவருவார். "யக்கா, வவுத்து வலி எப்டிக்கீது?" என்று அம்மாவை விசாரிப்பார். சாம்பார் வாளியோடு மூன்று தடவை வருவார். நைனா பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், குனிந்து மெல்லச் சொல்வார்: "போர்டு அவுருது சார். வவுறு நம்புளுது." நைனா சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலணாவுக்காகக் குழைகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஹோட்டலில் பில் என்று ஒரு சீட்டு கிடையாது. நாம் எழுந்து கல்லாவை நோக்கி நடக்கும்போது சர்வர் பின்னாலிருந்து தொகையைக் கூவுவார். முதலாளி அதைக் கேட்டுக் காசு வாங்கிப் போட்டுக்கொள்வார். நைனா எங்கு போனாலும் குடையோடுதான் போவார். அதனால் எங்களுக்கு அங்கே 'குடைக்காரர்' என்று பெயர்.

தை அமாவாசை வந்தது. தெரு கொள்ளாத கூட்டம். எங்களுக்கு முன்னால் ரயிலில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஹோட்டல்களில் கூவுகிற தொகையில் பத்து இருபதைக் கூட்டிக் கூவிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது போதும். அந்தச் சர்வரைக் கையும் களவுமாகப் பிடித்தால் நாலணா நின்றுவிடும். நாலணா நின்றால் வடை வந்துவிடும். ஒன்பது வயதில் இதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டதையெல்லாம் பலகையைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். நைனாவுக்கு ஒரு தட்டு இட்லி, முப்பது. அம்மாவுக்கு ஒரு மசால் தோசை, எனக்கும் தம்பிக்கும் ஒன்று, ஆக ஒன்று இருபது. காபி முப்பத்தைந்து. மொத்தம் ஒரு ரூபாய் எண்பத்தைந்து பைசா. விரல் விட்டு இரண்டாம் தடவையும் பார்த்தேன். ஒரு பைசா பிசகில்லை. நைனா டம்ளருக்கு அடியில் நாலணாவை வைத்தார். எழுந்தோம்.

"குடைக்காரரு, ஒண்ணு இருவத்தஞ்சே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டிச் சொல்வார் என்று காத்திருந்தால் குறைத்தல்லவா சொல்கிறார்! அறுபது பைசா குறைகிறதே! திருட்டுக்கூட இல்லை, இந்த ஆளுக்குக் கூட்டலே வரவில்லை! கூட்டல் தெரியாத ஆளுக்கா என் வடையைப் பிடுங்கி நாலணா கொடுக்கிறார்கள்? நைனா அதற்குள் ஒன்றேகால் ரூபாயை எண்ணி நீட்டிவிட்டார்.

"தப்பு!" என்று கத்தினேன். "ஒண்ணு எண்பத்தஞ்சு. நான் கூட்டிட்டேன்."

முதலாளியின் கை காசுக்கு மேலேயே நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடுவேனா? இட்லி முப்பது, தோசை இரண்டு ஒன்று இருபது, காபி முப்பத்தைந்து என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொல்லி முடித்தேன். நைனா பாராட்டுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மனத்துக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"ஒண்ணு இருபத்தஞ்சு சாதா நாள் கணக்காச்சே! ஏன்டா, அமாவாசையும் அதுவுமா யாரைக் கேட்டுடா சாதா நாள் விலையைக் கூவுறே? எத்தினி மாசமா நடக்குது இது? எத்தினி பேருக்கு?"

சர்வர் வாளியைக் கீழே வைத்தார். "தப்பாக் கூட்டிக்கினேன் முதலாளி. கூட்டத்துல பேஜாராப் பூட்சு. சாருக்கு ஒண்ணியும் தெரியாது" என்றார். அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

"இத்தனூண்டு பொண்ணுக்குத் தெரிஞ்ச கணக்கு உனக்குத் தெரியாதா? துண்டை வச்சுட்டுக் கெளம்பு. இந்த மாசச் சம்பளமும் கெடையாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் தோளில் இருந்த ஈரத் துண்டை எடுத்து, உதறி, மடித்துக் கல்லா மேசையில் வைத்ததை நான் நின்று வேடிக்கை பார்த்தேன். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வாசலுக்குப் போய்விட்டாள். நைனா மீதி அறுபது பைசாவை எடுத்து வைத்தார். முள் நடுவில் நிற்காமல் மூட்டையை விடாத மனிதர்! ஐம்பது மூட்டை எடையை மனத்தில் கூட்டுகிறவருக்கு இரண்டு தோசையும் ஓர் இட்லியும் கூட்டத் தெரியாதா? மாதாமாதம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்ததால்தான் பத்துப் பைசா நாலணா ஆகியிருக்கும். அன்றைக்கு அவர், "விடுங்க, பாவம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளி மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி நைனா மேலும் உண்டு. அவர் காலமான பிறகும் அது ஆறவில்லை. மிச்சம் யார் மேல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய ஜாங்கிரியை எடுத்து, பேப்பரில் வைத்து என்னிடம் நீட்டினார். "கெட்டிக்காரி. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா என் கடை எங்கேயோ போயிடும்" என்றார். அந்தப் பலகையில் ஜாங்கிரி விலையை நான் படித்ததோடு சரி. கேட்கிற தைரியம்கூட வந்ததில்லை.

வெயில் ஏறியிருந்தது. ஸ்டேஷனுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் நைனா கையில் குடை இல்லை என்று தெரிந்தது. கல்லா மேசைமேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். "ஓடிப் போய் எடுத்துக்கினு வரட்டா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத குடை.

அடுத்த அமாவாசைக்கு நாங்கள் திருவள்ளூர் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. அம்மாவின் வயிற்றுவலி திரும்பி வரவில்லை. அவள் அடுப்புக்குத்தான் திரும்பிப் போனாள். அந்தச் சர்வருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்ததா, அவர் வீட்டில் எத்தனை வயிறு இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைக்கூட நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜாங்கிரியைப் பிரித்தேன். பாகு விரலெல்லாம் வழிந்தது. தம்பிக்கு ஒரு விள்ளல் கொடுத்தேன். அம்மாவிடம் நீட்டினேன், தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்தாள். நைனாவிடம் நீட்டினேன்.

"நீயே துண்ணு" என்றார்.

நைனாவுக்கு இனிப்பு பிடிக்காதுபோல என்று நினைத்துக்கொண்டு, அவர் பங்கையும் நானே தின்றேன்.