பெர்டிடா ஓடை நின்ற இடம்

மே மாதம் பிறந்துவிட்டால் ஆர்லிண்டா மயெஸ்தாஸ் யார் வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டாள். அக்டோபரில் மதகுகளெல்லாம் மூடிய பிறகுதான் அவளை விருந்துக்குக் கூப்பிடலாம். "குளிர்காலம் வந்தா ஆர்லிண்டா சொந்தக்காரி, கோடை வந்தா சர்க்கார்" என்று பெர்டிடா ஓடைக்கரையில் சொல்வார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாததால், "ஓடையைக் கட்டிக்கிட்டவ" என்றும் சொல்வார்கள். இரண்டும் அவள் காதுக்கு வந்ததுண்டு. இரண்டாவதைக் கேட்டு, "பரவால்ல, குறட்டை விடாத புருஷன்" என்றாள்.

கொலராடோவின் தென்கோடியில், மலைகள் சூழ்ந்த அந்தச் சமவெளியில் எட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். முப்பத்து மூன்றாம் வயதில் மாநில அரசு அவளை நீர் ஆணையர் ஆக்கியது. பேர்தான் பெரிது. கையில் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி, இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ், அளவுகோல், பதினோரு வாய்க்கால்களின் பூட்டுச் சாவிகள். ஓடையில் யார் முதலில் வாய்க்கால் வெட்டினார்களோ அவர்களுக்கே முதல் தண்ணீர் என்பது அங்கே சட்டம். தண்ணீர் குறைந்தால் கடைசியாக வந்தவருடைய மதகை முதலில் மூட வேண்டும். பிறகு அதற்கு முந்தியவருடையதை. ஆளுக்குப் பாதி என்ற பேச்சே கிடையாது.

பத்தொன்பது வருஷமாக இதைச் செய்துவந்தாள். அதில் பதினாறு வருஷமாக அவளுடைய தங்கை பெனீட்டா அவளோடு பேசவில்லை.

பெனீட்டா வாழ்க்கைப்பட்ட லியாண்ட்ரோவின் குடும்பத்துக்கு ஓடையில் இரண்டாம் நம்பர் உரிமை. ஆர்லிண்டா வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் கடும் வறட்சி. கீழே முதல் நம்பர்காரர் தண்ணீர் கேட்டார். கேட்ட அன்றே ஆர்லிண்டா தங்கையின் மதகை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். பெனீட்டா புதிதாக விதைத்திருந்த குதிரைமசால் தீவன வயல் பத்தே நாளில் வைக்கோலாகிவிட்டது. அம்மாவின் பிறந்தநாள் பந்தியில், எல்லோரும் பார்க்க, பெனீட்டா சொன்னாள்: "எனக்கு அக்கா இருந்தா. இப்ப ஒரு அதிகாரிதான் இருக்கா." அதன்பிறகு இருவரும் ஒரே தேவாலயத்தில் வேறுவேறு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

இந்த வருஷம் மலையில் பனி பாதிகூடப் பெய்யவில்லை. ஜூன் முடிவதற்குள் ஆர்லிண்டா பதினொன்றிலிருந்து மூன்றுவரை எல்லா மதகுகளையும் மூடிவிட்டாள். மலையடிவாரத்து அளவுப்பலகையில் வினாடிக்கு ஐந்து கன அடி. அதில் மூன்றை இரண்டாம் நம்பர் எடுத்துக்கொண்டது. மிச்சம் இரண்டு கன அடி மூன்று கிலோமீட்டர் போவதற்குள் மணலில் மாயமானது. பதினோரு கிலோமீட்டர் கீழே, முதல் நம்பர் வாய்க்கால் தலைப்பில் எவுசேபியோ அபெய்தா வறண்ட மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயது. அறுபது ஆடுகள்.

அவர் போன் செய்தார். "பொண்ணே, எனக்கு வரவேண்டியதைக் கேக்கறேன். கோவிச்சுக்காதே."

"கேக்கறது உங்க உரிமை மாமா. கோவிச்சுக்க நான் யாரு?"

நகரத்து அலுவலகத்தில் இஞ்சினியர் கணினியில் கணக்குப் போட்டு, இரண்டாம் நம்பரை மூடினால் கீழே ஒன்றரை கன அடி போய்ச் சேரும் என்றார்.

"சாதாரண வருஷத்து மணலுக்குச் சரி சார்," என்றாள் ஆர்லிண்டா. "இந்த வருஷத்து மணல் எவ்வளவு குடிக்கும்னு அதைத்தான் கேக்கணும். நாலு நாள் குடுங்க. மூடிட்டு, தண்ணியோட கூடவே நடந்து பாக்கறேன். போய்ச் சேரலேன்னா மூடி வெச்சு யாருக்கு லாபம்? மறுபடி திறந்துடணும்னு சட்டமே சொல்லுது."

இஞ்சினியர் யோசித்தார். "மேல இருக்கிறது உங்க தங்கச்சி இல்லையா?"

"அதனாலதான் அபெய்தா மாமாவையே சாட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செவ்வாய்க்கிழமை காலை அவள் மதகுக்குப் போனபோது பெனீட்டா அங்கே நின்றுகொண்டிருந்தாள். நரை கூடியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று ஆர்லிண்டாவுக்குத் தோன்றியது.

"சாவியைக் குடு," என்றாள் பெனீட்டா. "போன தடவ நீ பூட்டின. இந்தத் தடவ நானே பூட்டிக்கறேன்."

சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கினாள். வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல அடங்கி, ஓடையின் சத்தம் கூடியது. பூட்டிவிட்டுச் சாவியை நீட்டினாள். "நானும் வரேன். என் தண்ணி எங்க போகுதுன்னு நான் பாக்க வேணாமா?"

வேண்டாம் என்று சொல்ல விதி எதுவும் இல்லை.

மூவரும் ஓடையின் வறண்ட படுகையில் நடந்தார்கள். எவுசேபியோ மண்வெட்டியையே ஊன்றுகோலாக்கிக்கொண்டார். தண்ணீரின் முனை சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை தவழும் வேகத்தில் வந்தது. பள்ளம் கண்ட இடத்தில் நின்று, நிரம்பி, மறுபடி கிளம்பியது. மணலுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மணிக்கொரு தரம் ஆர்லிண்டா முனை இருந்த இடத்தில் குச்சி நட்டு நேரம் எழுதினாள்.

முதல் நாள் ஐந்து கிலோமீட்டர். இரண்டாம் நாள் இரண்டு. கரையோர மரங்கள் வெயிலில் தண்ணீரை உறிஞ்சுவதால் பிற்பகலில் முனை பின்வாங்கும். விடியற்காலையில் மறுபடி முன்னேறியிருக்கும். எவுசேபியோ ஒவ்வொரு காலையும் குச்சிகளை எண்ணினார். "வாடி, வாடி கண்ணு, இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்று ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவதுபோலத் தண்ணீரைக் கூப்பிட்டார். பெனீட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தண்ணீர் வராமல் போகவேண்டும் என்றுதான் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஆனால் அவர் கூப்பிடுவதைக் கேட்கக் கேட்க, அதை மனதார வேண்டிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

மதியம் அவள் பீன்ஸும் பச்சைமிளகாய்க் கறியும் வைத்துச் சுருட்டிய ரொட்டியை அவரிடம் நீட்டினாள். அக்காவிடம் நீட்டவில்லை. நீட்டினாலும் வாங்கமாட்டாள் என்று தெரியும்.

மூன்றாம் நாள் முனை முந்நூறு மீட்டர்தான் நகர்ந்தது. நான்காம் நாள் காலை ஓர் அடிகூட நகரவில்லை. மொத்தத்தில் எட்டு கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. ஆர்லிண்டா முழங்கைவரை மணலைத் தோண்டிப் பார்த்தாள். அடியில் சூடாக, பொடியாக, உலர்ந்து கிடந்தது. பிற்பகலில் ஈரம் பின்வாங்கிக் குச்சியைத் தனியே விட்டுப் போயிற்று.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் ஒரு நாள் பாப்போம்," என்றாள் ஆர்லிண்டா.

பெனீட்டா எழுந்துவிட்டாள். "இன்னொரு நாளா? நாலு நாள்னு நீதானே சொன்ன! மேல என் வயல் சுருண்டு கிடக்கு. போய்ப் பாத்தியா நீ?"

"நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுடி. தங்கச்சிக்காகத் திறந்துட்டான்னு..."

"ஆர்லிண்டா." எவுசேபியோ மண்வெட்டியை மடியில் கிடத்தினார். "இவ இடத்துல வேற யாராவது இருந்திருந்தா, இப்ப என்ன செஞ்சிருப்பே?"

அவள் தனியே நின்ற குச்சியைப் பிடுங்கி, அதே இடத்தில் மறுபடி நட்டாள்.

"திறந்திருப்பே. தண்ணி வரலேன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைவிட வேற யாருக்கு அது வலிக்கும்? உன் தங்கச்சிங்கிறதுக்காக அவளுக்கு ஒரு நாள் கூடுதலாக் காயவிடறியே பொண்ணே, அது நியாயமா? சொந்தத்துக்குச் சாதகம் பண்றது தப்புன்னா, பாதகம் பண்றது மட்டும் சரியா?"

ஆர்லிண்டா மணல் ஒட்டிய தன் கைகளைப் பார்த்தாள். பதினாறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் ஞாபகம் வந்தது. புது வேலை, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றும் மணலைக் கேட்டிருக்கலாம். நாலு நாள் நடந்து பார்த்திருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். தங்கை என்பதாலேயே அன்றைக்கே பூட்டினாள், அதையும் நேர்மை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள்.

"பெனீ," என்றாள். அந்தப் பேரைச் சொல்லியே எத்தனை வருஷமாயிற்று. "அந்த வருஷம் நான் பாக்கல. தண்ணி கீழ போகுதா இல்லையான்னு பாக்காமலே பூட்டினேன். போயிருக்காது. எனக்கு அப்பவே சந்தேகம்."

பெனீட்டா மறுபடி மணலில் உட்கார்ந்தாள். பிறகு அடங்கின குரலில் கேட்டாள்: "இதைச் சொல்ல உனக்குப் பதினாறு வருஷமாச்சா?"

"ஆச்சு."

"கழுதை," என்றாள் பெனீட்டா. சொல்லிவிட்டு அழுதாள். எவுசேபியோ எழுந்து, ஏதோ வேலை இருப்பதுபோல, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அங்கேயே, கரையில் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்து ஆர்லிண்டா முடிவை எழுதினாள்: மேலே மூடிய நீர் கீழே சேரவில்லை, இரண்டாம் நம்பர் திறக்கப்படலாம். சாட்சிக் கையெழுத்து போட எவுசேபியோ பேனாவைக் கேட்டு வாங்கினார். தன் பேரைத் தன் கைப்படவே நிதானமாக, முழுசாக எழுதினார். மாலையில் அக்காளும் தங்கையும் சேர்ந்து மதகுச் சக்கரத்தைச் சுற்றினார்கள். துருப்பிடித்த சக்கரம், ஒரு ஆளுக்குக் கனம்தான்.

மறுநாள் பெனீட்டா லியாண்ட்ரோவை எழுப்பி டிரெய்லரை மாட்டச் சொன்னாள். இருவரும் எவுசேபியோ வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"தண்ணியைத்தான் உங்ககிட்ட கொண்டுவர முடியல," என்றாள். "ஆட்டைத் தண்ணிகிட்ட கொண்டு போகலாம்ல? ஏத்துங்க."

"அறுபதையுமா?"

"உங்களையும் சேத்து அறுபத்தொண்ணு. இடமிருக்கு."

ஆடுகள் செப்டம்பர்வரை மேலே மேய்ந்தன. ஊரில் இரண்டொருவர், நினைத்தபடியே, "தங்கச்சி மதகு திறந்துடுச்சு பாத்தியா?" என்று பேசத்தான் செய்தார்கள். எவுசேபியோ அவர்களைத் தேடிப் போய், தான் நட்டுப் பார்த்த குச்சிகளின் கணக்கைச் சொல்லி வாயை அடைத்தார்.

ஆகஸ்டு பாதியில் மழை வந்தது. ஆர்லிண்டா இன்னும் நான்கு கோடை வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றாள். சாவிக்கொத்தை ஒப்படைத்த மத்தியானம் நேரே பெனீட்டாவின் வீட்டுக்குத்தான் போனாள். அடுக்களையில் மேசை நிறைய மக்காச்சோள மாவு பிசைந்து கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவள் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு பத்தல."

"வந்த உடனே ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் பெனீட்டா. உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினாள்.