அம்பதா, பதினஞ்சா

சங்ககிரியிலிருந்து காலை பாசஞ்சரில் கிளம்பி, சேலம் ஜங்ஷனில் இறங்கி நடந்து, சூரமங்கலத்தில் எங்கள் ஆபீஸ் மாடிப்படியைச் சரிதா ஏறும்போது மணி ஒன்பதே கால் ஆகிவிடும். டிபன் பாக்ஸை ஜன்னலோரம் வைப்பாள். ஹெட்போனை மாட்டுவாள். அதற்கப்புறம் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

எங்களுக்குக் காதுதான் தொழில். வெளிநாடுகளில் நடக்கிற கூட்டங்கள், விசாரணைகள் இவற்றின் ஒலிப்பதிவு வரும். பேசியதைப் பேசியபடியே எழுத்தாக்கித் திருப்பி அனுப்புவோம். இப்போது முதல் தடவை கம்ப்யூட்டரே அடித்துவிடுகிறது. அது தப்பாகக் கேட்டதைத் திருத்துவது மட்டும் எங்கள் பாடு. ஆறு பெண்கள் இருக்கிறார்கள். இதை இருபது வருஷமாக நடத்துகிற சித்ரா நான். எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்துப் பழக்கியிருக்கிறேன். சரிதாவுக்கு மட்டும் நான் எதையும் பழக்கவில்லை. அவள் வரும்போதே அந்தக் காதோடுதான் வந்தாள்.

பள்ளிபாளையத்தில் பவர்லூம் ஓடுகிற வீட்டில் பிறந்தவள். எட்டுத் தறி. அதே கூரைக்கடியில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே யாரும் கத்துவதில்லையாம், ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்தே பேச்சு ஓடுமாம். அவள் அப்பா சின்னுசாமி ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருப்பார். பத்து வயசுச் சரிதா ஓடிப்போய், “அஞ்சாந்தறியில நாடா தட்டுதுங்கப்பா” என்பாள். போய்ப் பார்த்தால், நூலைச் சுமந்து ஓடுகிற அந்த நாடா ஒரு பக்கம் தேய்ந்து போயிருக்கும். எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது இது எப்படித் தெரியும் என்று கேட்டால், “எட்டும் எட்டு மாதிரி பேசுமுங்க” என்பாள். பெருமையாகச் சொல்ல மாட்டாள். உப்புக் கரிக்கும் என்பதுபோலச் சொல்வாள்.

தமிழ் மீடியத்தில் படித்து, தபாலில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். கல்யாணமாகிச் சங்ககிரி வந்தாள். கணவர் குருமூர்த்தி லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். ஆங்கிலம் பேசச் சொன்னால் இன்றைக்கும் சரிதாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசினாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதிவிடுவாள்.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூன் மாதம். நம் ஊர்த் தேர்தல் முடிந்து முடிவும் வந்துவிட்டது. எங்கள் விரல்களில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து நுனிப் பக்கம் ஏறியிருந்தது. பிரிட்டனில் தேர்தல் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. அங்கே கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர்கள் சங்கம் ஒன்று, தொகுதியில் நிற்கிறவர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடத்தியது. அந்தச் சங்கத்துச் செயலாளர் ஹெலன் எங்களுக்குப் பழைய வாடிக்கை. இரண்டே கால் மணி நேர ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். சரிதாவிடம் கொடுத்தேன்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சாமி, ஒடம்புக்கு முடியலையா?”

“அதெல்லாம் இல்லீங்கக்கா. இப்படி ஒரு கூட்டத்த நான் கேட்டதே இல்லீங்க.”

அந்த ஊர்க் கடலில் காற்றாலைகள் நிற்கின்றன. இன்னும் நிறைய வரப்போகின்றன. கூட்டத்தில் பாதிச் சண்டை அதைப் பற்றித்தான். மீன்பிடிக்கிறவர் ஒருவர், எங்கள் கடலைக் கம்பம் நட்டு அடைத்துவிட்டீர்கள் என்கிறார். ஒரு இளைஞன், அந்த இறக்கையைச் செய்கிற பேக்டரியில்தான் எனக்கு வேலையே கிடைத்தது என்கிறான். காற்று சும்மா கிடைக்கிறது, கரண்டு பில் மட்டும் ஏன் ஏறுகிறது என்று ஒருவர் கத்துகிறார். மீதிச் சண்டை, நாட்டை நடத்த யாருக்குத் தகுதி இருக்கிறது என்பது. “ஒங்க தலைவர நீங்களே நம்பறீங்களா?” என்று ஒருவர் கேட்க, மேடையில் இருப்பவர் பதில் சொல்லத் திணறுகிறார்.

“ஒரு வயசான அம்மா எந்திரிச்சாங்க. புருசன் இல்ல. குளிர்காலத்துல ஒரே ஒரு ரூமத்தான் சூடு பண்ணிக்கறேன், இந்தக் காத்தாடியால என் பில்லு எவ்வளவு ஏறும், நம்பரச் சொல்லுன்னாங்க. கூடமே கப்சிப்புனு ஆயிருச்சுங்க. எம்பிக்கு நிக்கறவங்க யாரும் பதில் சொல்லாம நழுவ முடியலீங்கக்கா.”

பதில் சொன்னவர் ரூத், எம்பிக்கு நின்றவர்களில் ஒருவர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர், காற்றாலை வேண்டும் என்கிற பக்கம் நிற்கிறவர். கடலிலிருந்து கரைக்குக் கரண்டு கொண்டுவரும் லைனுக்காக வீட்டுக்கு வருஷம் இத்தனை பவுண்டு ஏறும் என்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

அந்த ‘இத்தனை’யில்தான் வந்தது வினை.

நாலு நாளில் ஹெலனிடமிருந்து அவசரக் கடிதம். ரூத் ‘ஐம்பது பவுண்டு’ என்று சொன்னதாக எதிர்த்தரப்பு ஒரு துண்டு வீடியோவைப் பரப்பிவிட்டது. ரூத்தோ ‘பதினைந்து’ என்றுதான் சொன்னேன் என்கிறார். அவர் கையில் வைத்திருந்த குறிப்பிலும் பதினைந்துதான் இருக்கிறது. ஊரே இரண்டாகி நிற்கிறது. அங்கே அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் ‘பிஃப்டீன்’ என்று வந்திருக்க, நீங்கள் அனுப்பிய எழுத்தில் மட்டும் ‘பிஃப்டி’ என்று இருக்கிறது, திருத்தி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. குறிப்பில் பதினைந்து, மெஷினில் பதினைந்து. சரிதாவைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன்.

“இல்லீங்கக்கா. அம்பது.”

“பேப்பர்லயே பதினஞ்சுன்னு இருக்குதாம்.”

“பேப்பர்ல என்ன வேணாலும் இருக்கட்டுங்க. வாயில வந்தது அம்பது.”

வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். எனக்குப் பதினைந்து என்றுதான் கேட்டது. சொல்லி முடிக்கிற இடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், கடைசி எழுத்து அதில் அமுங்கிப் போகிறது.

“கண்ண மூடிக்குங்க. இப்பக் கேளுங்க” என்றாள். அதே பதிவில் ஒரு மணி நேரம் முன்னால் ரூத் பேசிய இடத்துக்குப் போனாள். காற்றாலைகள் கரையிலிருந்து பதினைந்து மைல் தள்ளி நிற்கும் என்று அங்கே ரூத் சொல்கிறார். இரண்டு துண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். “பதினஞ்சுன்னு சொல்றப்ப பின்னாடி இழுக்கறாங்க, இழுத்து மூக்குல கொண்டு போய் முடிக்கறாங்க. இங்க முன்னாடி அடிச்சு, பின்னாடி வெட்டிட்டாங்க. பவுண்டுன்னு ஒதடு மூடறதுக்கு முந்தி மூக்குல ஒரு முனகல் வரோணுமில்லீங்க? வரல.”

மூன்றாம் முறை கேட்டேன். நாற்காலிச் சத்தத்துக்கு அந்தப்பக்கம், திரை விலகினாற்போல, அந்தச் சொல் தனியாக வந்து நின்றது. ஐம்பது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கூடத்தில், ஒரு வினாடிகூட நீடிக்காத ஒரு முனகல் இல்லாமல் போனதை, இவள் இங்கே ரயில்வே அறிவிப்புக் கேட்கிற மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள்.

எழுத்தை மாற்றாமல், அவள் சொன்ன காரணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். மறுநாள் முழுக்கப் பதில் இல்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் ஹெலன் போனில் வந்தார். பக்கத்தில் ரூத்தும் இருந்தார். எழுதியவரிடம் பேச வேண்டுமாம்.

சரிதா சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நம் பேச்சில் சொல்கிறேன்.

“அந்த எண்ணை நான் குறிப்பைப் பார்த்துத்தான் படித்தேன். அதில் பதினைந்து என்று இருக்கிறது” என்றார் ரூத். குரலில் கடுப்பு இல்லை, ஆனால் உறுதி இருந்தது.

சரிதா போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினாள். “மேடம், நீங்க கூட்டம் பூரா பேப்பர் திருப்பிட்டே பேசினீங்க. அந்தச் சத்தம் கேட்டுட்டே இருந்துது. அந்த அம்மா எந்திரிச்சதும் நின்னு போச்சு. நீங்க பேப்பரப் பாக்கல. அந்த அம்மாவப் பாத்துச் சொன்னீங்க.”

“அந்த இரண்டு துண்டையும் எனக்குப் போட்டுக் காட்டுங்கள்” என்றார் ரூத். போட்டோம். இரண்டு தடவை கேட்டார்.

“ஆமாம்” என்றார். “அது நான்தான். ஐம்பது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.” நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது சரிதா கேட்டாள்: “இனி என்ன பண்ணுவாங்கக்கா?”

“என்ன பண்ணுவாங்க, கமுக்கமா இருந்துருவாங்க” என்றேன். எனக்குத் தெரிந்த தேர்தல் அப்படிப்பட்டது.

சனிக்கிழமை அந்த ஊர்ச் சந்தையில் ரூத் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசியிருக்கிறார். திங்கட்கிழமை அந்தப் பதிவும் எங்களுக்கே வந்தது. உண்மையான கணக்குப் பதினைந்து பவுண்டுதான் (நம் பணத்தில் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு) என்று விளக்கிவிட்டுச் சொல்கிறார்: “என் வாய் ஐம்பது என்று சொன்னது. அது தவறு. சொல்லவே இல்லை என்று நான்கு நாள் உங்களிடம் சாதித்தேன். அது அதைவிடப் பெரிய தவறு. என் முகத்தைப் பார்த்தே இராத ஒருவர், நான் கேட்டதைவிட நன்றாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.” கூட்டத்தில் சிரிக்கிறார்கள். “சொந்தப் பேச்சே ஞாபகம் இல்ல, நீ நாட்ட நடத்தப் போறியா?” என்று ஒருவர் கத்துகிறார். கைதட்டலும் இருக்கிறது, கூச்சலும் இருக்கிறது. நடுவில் ஒரு கிழக்குரல்: “அப்படின்னா அந்தப் பதினஞ்ச நான் நம்பறேன்.”

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மாதான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சரிதா சொல்லித்தான் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் மேஜையில் திருத்திக்கொண்டிருந்த எங்கள் தேவிப்ரியா எழுந்துவந்து, “என்னாச்சுங்கக்கா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஜூலை ஐந்தாம் தேதி, அங்கே விடியற்காலை ஐந்தரை மணி, இங்கே பத்து. ஆறு பேரும் என் மேஜையைச் சுற்றி நின்று திரையில் பார்த்தோம். நின்றவர்கள் அத்தனை பேரையும் ஒரே மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரையும் வாங்கிய ஓட்டையும் படித்தார்கள். ஜெயித்தவர், தோற்றவர், முந்நூறு ஓட்டு வாங்கியவர், எல்லாரும் தோளோடு தோள். ரூத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தோம். குள்ளமான உருவம், நரைத்த தலை. நானூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றிருந்தார்.

“என்னாலதானுங்களாக்கா?” என்றாள் சரிதா.

அதற்குள் ரூத் ஜெயித்தவரின் கையைக் குலுக்கிவிட்டு மைக் முன்னால் வந்துவிட்டார். வாழ்த்துச் சொன்னார். ஓட்டு எண்ணியவர்களுக்கு நன்றி சொன்னார். சந்தையில் பேசியதற்காகத் தனக்கு வருத்தமில்லை என்றார். ஜெயித்தவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“தோத்தவங்ககிட்ட மைக்கக் குடுத்து, ஜெயிச்சவரு நின்னு கேக்கறாருங்கக்கா” என்று சரிதா மெல்லச் சொன்னாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது. அது துக்கமா, வியப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் கேட்டதை ஹெலனுக்கு அப்படியே எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐம்பது என்று சொன்னதால்தான் தோற்றார் என்று பாதிப் பேர் சொல்கிறார்களாம். ஒத்துக்கொண்டதால்தான் தோற்றார் என்று சிலர். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இரண்டாயிரம் ஓட்டில் தோற்றிருப்பார் என்று மற்றவர்கள். கடைத்தெருவில் இன்னும் சண்டை ஓயவில்லை, யாருக்கும் தெரியாது, ரூத்துக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார்.

சரிதா அதை இரண்டு தடவை படித்தாள். “அங்கயும் நம்மூரு மாதிரித்தானுங்களா” என்று சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, “ரயிலுக்கு நேரமாச்சுங்கக்கா, வாரேன்” என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.