பேரையூர் வெளிச்சமும் சோளக் கட்டைகளும்

2006 பிப்ரவரியில் பேரையூர் போனேன். மதுரை கே.கே. நகரில் மனை விற்கும் ஒருவர் தன் அலுவலகச் சுவருக்கு ஓவியம் கேட்டிருந்தார். "பேரையூர்ப் பக்கம் காலை வெளிச்சம் பிரமாதமா இருக்கும் சார். ஆளு, ஆடு மாடு ஒண்ணும் வேணாம். வெட்டவெளி மட்டும் போதும்" என்றார். நீர்வண்ணத்தில் வரையும் எனக்கு வெட்டவெளி என்றால் கொண்டாட்டம். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. அதற்காக என்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

மதியம் மூன்றரைக்குக் கிளம்பி, திருமங்கலத்தில் பஸ் மாறிப் போனேன். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். லாட்ஜுக்கு நூறு ரூபாய் (மின்விசிறி சுற்றும், காற்று வராது). மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ. மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய். "இங்க பாக்குறதுக்கு என்னண்ணே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் டிரைவர் இறக்கிவிட்டார்.

மேற்கே மலை. ஆறரைக்கு அதன் உச்சி சிவந்தது. பத்து நிமிடத்தில் அந்த வெளிச்சம் சமவெளிக்கு இறங்கிவிடும். நீர்வண்ணத்தில் வெளிச்சத்துக்கென்று தனி வண்ணம் கிடையாது. அது விழும் இடத்தைத் தீட்டாமல் விடவேண்டும். தாளின் வெள்ளைதான் வெளிச்சம். எதிரே இருந்த நிலம் தகதகவென்று மின்னியது. தாளின் கீழ்ப்பாதியை அப்படியே விட்டேன். பிறகு தூரிகையைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி மலையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தபோது ஒருவர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"யாரு அனுப்புனா உங்கள? எதுக்கு அளக்குறீக?"

"படம் வரையுறேன்ணே. கொஞ்சம் தள்ளிக்கங்க, வெளிச்சம் போயிரும்."

"போன மாசமும் ஒருத்தன் இப்பிடித்தான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு அளந்தான். மறுநாளு எங்க காட்டு ஓரத்துல கல்லு நட்டுட்டாக."

அவர் நகரவில்லை. வெளிச்சம் போயே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பெயர் முனியாண்டி. எதிரே இருந்த நிலம் அவருடையது. நிதானமாகப் பார்த்தார்.

"எங்க காட்ட ஏன் வெறுமையா விட்டிருக்கீக?"

"வெறுமை இல்லண்ணே. அதுதான் வெளிச்சம்."

"வெளிச்சம் எது மேல விழுகுது? சோளக் கட்ட மேலதான? தையிலதான் அறுத்தோம். எங்கய்யா இதே காட்டுல கூலிக்கு வேலை பாத்தாரு. இன்னைக்கு ரெண்டு ஏக்கரு எங்க பேருல இருக்கு. தரிசாத்தான கெடக்கு, குடுத்துருன்னு கே.கே. நகர்லருந்து வந்து உசுர எடுக்குறாக. நீங்களும் தரிசாவே போட்டுட்டீக."

வந்தவர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். அவர் சொன்ன அடையாளமெல்லாம் எனக்கு ஓவியம் கேட்டவருடையது. வெட்கமும் எரிச்சலுமாகக் குனிந்து பார்த்தேன். அறுத்த சோளத்தின் அடிக்கட்டைகள், வரிசை வரிசையாக, ஒரு பக்கம் பொன்னிறமும் மறுபக்கம் நீல நிழலுமாக நின்றன. இத்தனை வருடம் வரைந்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு நாள் தங்கினேன். மறுநாள் காலை முனியாண்டி ஓரமாக நிற்க, கட்டைகளை ஒவ்வொரு வரிசையாகத் தீட்டினேன். வரப்போரம் நட்டிருந்த கல்லையும் விடவில்லை.

மதுரையில் ஓவியத்தைப் பார்த்த மனைக்காரர் முகம் சுளித்தார். "இந்தக் கட்டையெல்லாம் அழிச்சிருங்க சார். வாங்க வர்றவங்க வெவசாய நிலம்னு நினைச்சிருவாங்க."

"அது வெவசாய நிலந்தான்" என்று சொல்லி, படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரியில் ஆறரை முதல் ஆறு ஐம்பது வரைதான் அந்த வெளிச்சம். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அருகில் கடை கிடையாது. தூரிகையை நீட்டி அளக்கும் முன் நீங்கள் யார் என்று அங்கிருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாதி வெள்ளையாக விட்ட அந்த முதல் தாளும் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கையில் எடுத்து, "அடடா, என்ன வெளிச்சம்!" என்கிறார்கள். அங்கே என்ன விளைந்தது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.