தண்ணீர்த் தட்டு வற்றிய இரண்டு நாள்

ஸ்டெல்லா போபோடிக்காரி; மராத்தி ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். திலக் சாலைப் பக்கம் நான் டைப்பிஸ்டாக இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். அந்தத் தற்காலிகம் ஒன்பது வருஷம் ஓடியது. வேலை நிரந்தரமாக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தோல் வளர்ப்பது அவள் வேலை. மருத்துவமனையிலிருந்து வரும் தோல் துணுக்கில் செல்களைப் பிரித்து, தட்டில் வளர்த்து, மேல்பக்கம் காற்றுப் படும்படி தூக்கி வைப்பாள். தபால்தலை அளவுக்கு வெள்ளைப் படலம் வரும். அதைக் கிண்ணத்துத் தண்ணீருக்கு மூடியாகப் போட்டுத் தினமும் எடை பார்ப்பாள். குறைகிற எடைதான் தோல் வழியே தப்பிய தண்ணீர். நிஜத் தோல் தண்ணீரை விடாது; நாங்கள் வளர்த்த தோல் சல்லடையாக ஒழுகியது. "பாக்கதுக்குத்தாம்ணே தோலு" என்று அலுத்துக்கொள்வாள்.

வளர்க்கும் பெட்டிக்குள் எப்போதும் ஈரம் வேண்டுமாம். அதற்கு அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு. தினமும் நிரப்புவது அவள் பொறுப்பு. தொண்ணூற்றேழில் கணபதி கரைப்பு அன்று பஸ் இல்லை. நடந்தே வந்தவளைக் கூட்டத்தைக் காட்டிப் பாலத்திலேயே போலீஸ் திருப்பி அனுப்பியது. ஊர்வலம் மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது தட்டு காய்ந்து கிடந்தது.

தலைமை விஞ்ஞானி சந்திரமௌலி மன்னிப்புக் கடிதம் கேட்டார். "ஃபார்மாலிட்டிதாம்மா. ஃபைல்ல தூங்கிண்டிருக்கும்" என்றார். 'என் கவனக்குறைவால்' என்று நான் டைப் அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அந்தத் தோல்களைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தில் மூடி எடை பார்த்தாள். எடை குறையவே காணோம். காய்ந்த காற்று பட்டுத் தோல் இறுகியிருந்தது. வேண்டுமென்றே தட்டை வற்றவிட்டு இன்னும் நான்கு முறை செய்தாள். நான்கிலும் அதே கதை.

அதைக் கட்டுரையாக்கி, நான் டைப் அடித்துத் தபாலில் போன அன்று சந்திரமௌலிக்கு வாயெல்லாம் பல். "கட்டுரைல உன் பேர் வரும், வேலையும் பர்மனன்ட் ஆகும். நீ என் தங்கை மாதிரி" என்றார். ஸ்டெல்லா அன்றே கூடம் இருந்த சந்து முழுக்கப் பால்பேடா கொடுத்தாள். நானும் தின்றேன்.

கட்டுரை அடுத்த வருஷம் வந்தது. சந்திரமௌலி பெயரும் அவர் மாணவி ஸ்நேஹா பெயரும் இருந்தன. இவள் பெயர் இல்லை. "போகட்டும்ணே, வேலை கெடச்சாப் போதும்" என்றாள். அந்த மனுஷனை நான்கு வார்த்தை கேட்காமல் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்தில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தாள். பழைய மன்னிப்புக் கடிதத்தைக் குழுவின் முன்னால் எடுத்து வைத்தவர் சந்திரமௌலியேதான். ஸ்நேஹாவுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. கவனமில்லாதவளை எப்படி நிரந்தரமாக்குவது என்று கேட்டாராம், அந்தப் பாவி.

நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"தட்டு காஞ்சது கடிதாசில என் தப்பு. கட்டுரைல அது அவுக செய்முறை. ரெண்டையும் அடிச்சது நீங்கதானண்ணே?"

"ஆமா."

"அப்பம் எம்பேரு இல்லைங்கது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா?"

தெரியும். தெரிந்த பிறகுதான் பேடா தின்றேன்.