முந்தானையிலிருந்து படித்தவள்

ஷாரோனும் நானும் ஒரே பட்டுக்கடையில், ஒரே கவுண்டரில் புடவை காட்டுகிறோம். அவள் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பிளஸ் டூவில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியவள், இப்போது ஒரு மாதப் பத்திரிகையில் இயற்பியல் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதுகிறாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்று கேட்டால், "தெரியாதவங்களுக்குத் தெரியாதவதான்கா சொல்லணும்" என்பாள். வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

போன மாதம் அந்த வாய்தான் மாட்டிவிட்டது. எங்கள் கடையில் புடவையைப் பிரித்ததும் முந்தானையைத்தான் முதலில் காட்டுவோம். அது பிடித்தால்தான் மற்றதைப் பார்ப்பார்கள். இவள் விமர்சனத்துக்கு வந்த ஒரு புத்தகத்தையும் அப்படியே கடைசி அத்தியாயத்தில் ஆரம்பித்து, பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வந்து, பாதிப் புத்தகத்தோடு நிறுத்தியிருக்கிறாள். 'என்ட்ரோபி என்கிறார், அது என்னவென்று எங்கும் சொல்லவில்லை' என்று எழுதியும் விட்டாள். புத்தகம் எழுதிய ஓய்வுபெற்ற பேராசிரியர் சீனிவாசன் பத்திரிகைக்குப் போன் செய்து, "இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதுதானே?" என்று மட்டும் கேட்டாராம்.

பத்திரிகை நடத்தும் மாணிக்கவேல் கடைக்கே வந்துவிட்டார். "பேரு கெட்டுப்போச்சும்மா. இனிமே நீ எழுத வேணாம்."

ஷாரோனின் முகம் செத்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தின் மேல் அவளுக்கு உயிர். எனக்கு அவர் மேல் கோபம், இவள் மேல் அதைவிடக் கோபம்.

"கடைசியா ஒரு தபா எழுதறேன் சார். தப்பைச் சொல்லிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினாள். சரி என்றார்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பஸ்ஸில் படித்தாள், சோறு ஆறிப்போகப் படித்தாள். ஒருநாள் கல்யாணக் கூட்டமொன்று கவுண்டரையே கலைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனது. "கலையறதுக்கு ஆயிரம் வழி இருக்குது, அடுக்கா இருக்கறதுக்குக் கொஞ்சம்தான். அதான்கா என்ட்ரோபி" என்றாள்.

"பேசிக்கினே நிக்காத, புடவையை மடி" என்றேன்.

'முழுதும் படிக்காமல் எழுதினேன். இரண்டாம் அத்தியாயத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஆறாம் அத்தியாயம் எத்தனை முறை படித்தும் புரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

இதழ் வந்த வாரம் பேராசிரியரே அவளுக்குப் போன் செய்தார். திட்டு விழும் என்று பயந்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடுத்த மாசமும் நீங்கதான் எழுதணும்னு மாணிக்கவேல்கிட்ட சொல்லிட்டேன்மா. இந்தப் புத்தகத்துக்கு நிறைய பேர் விமர்சனம் எழுதினாங்க. திரும்ப எடுத்துப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

ஷாரோன் அழுதேவிட்டாள். பட்டு நனையப்போகிறதென்று அவள் முன்னாலிருந்த புடவையை நகர்த்தினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் நான் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.