சனோபரின் பாசித் தொட்டி

உத்திரமேரூர் கடைத்தெருவில் காசிம் வைத்திருந்தது சைக்கிள் கடை. ஆனால் மீன்காரர் கடை என்று கேட்டால்தான் யாரும் வழி காட்டுவார்கள். எதிர்க்கடையில் தையல் மிஷின் போட்டிருந்த எனக்கு, அந்தப் பட்டம் அவருக்கு எவ்வளவு உசத்தி என்று தெரியும். பஞ்சர் ஒட்ட வந்தவனைக் காக்கவைத்துவிட்டு வளர்ப்பு மீனுக்குத் தீனி போட, கடையை ஒட்டிய வீட்டுக்குள் போவார். வந்தவனும் கோபிக்காமல் பின்னாலேயே போய் வாய் பிளந்து பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் மனிதர் வாழ்ந்தார்.

வீட்டின் முன் அறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு பொட்டுப் பாசி கூடாது அவருக்கு. போர் தண்ணீரை டிரம்மில் பிடித்து, ஒரு நாள் ஆறவிட்டுத்தான் தொட்டியில் ஊற்றுவார். மோட்டாரிலிருந்து அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது என்று எனக்கே எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறார். பெரிய மீன்கள் பளபளவென்று இருக்கும், முட்டையும் போடும். குஞ்சுதான் தங்காது.

இரண்டாயிரத்து ஒன்றில், தங்கமீன் முட்டையிடுவதற்காகப் போட்டிருந்த வேலம்பாசிக் கொடியை, ஒட்டியிருந்த முட்டை கெட்டுவிட்டது என்று கொல்லையில் எறிந்தார். அவர் மனைவி சனோபர் அதை எடுத்து, தண்ணீர் பச்சைப்பசேலென்று கிடந்த பழைய சிமெண்ட் தொட்டியில் போட்டாள். மீன் ஆசையெல்லாம் இல்லை அவளுக்கு. உயிர் இருக்குமோ என்னவோ என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

இருந்தது. தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். பச்சைத் தண்ணீரில் மேய்ந்தன. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டி அவள் பிழிந்துவிட்டதையும் தின்றன. கண்ணுக்குத் தெரியவே வளர்ந்தன.

சென்னையிலிருந்து மீன் வாங்க வரும் வியாபாரி செங்கேணி, ஒருநாள் கை கழுவக் கொல்லைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காசிம் போய்ப் பார்த்தால், தொட்டி ஓரமாகக் குந்தியிருக்கிறார்.

"இத்தினி நாளா இத ஏன் பாய் காட்டல? யாரு வளத்தது?"

கதவுக்குப் பின்னால் சனோபர் சிரித்தாள். அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார் செங்கேணி.

அன்றைக்குப் பிடித்தது காசிமுக்கு வயிற்றெரிச்சல். கட்டிய மனைவி மேலேயே பொறாமை. வேறு பேர் வைத்து மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. தெருப் பெண்கள் பின்கதவு வழியாக வந்து தொட்டியை எட்டிப் பார்த்தால் முகம் சுருங்கினார். நாஷ்டாவில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். முட்டை புருஷனுக்கா மீனுக்கா என்று கேட்டார். டீக்கடையில், அது சாக்கடை, ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைத்துக்கிடக்கிறது என்றார். பஞ்சர் ஒட்ட வந்தவன்கூட, "அக்கா தொட்டில குஞ்சு எப்டி கீது பாய்?" என்று கேட்டான். காசிம் அவன் ட்யூபைக் கிழித்துவிடுகிற மாதிரி இழுத்தார்.

அண்ணன் வீட்டு விசேஷத்துக்காக சனோபர் பக்கத்து ஊரான பெருநகருக்குப் பஸ் ஏறினாள். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டு மோட்டார் வெகுநேரம் ஓடியது. தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிற சத்தமும் கேட்டது. வீட்டைக் கழுவுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் திரும்பியபோது தொட்டித் தண்ணீர் அடிவரை தெளிந்திருந்தது. குஞ்சுகள் எல்லாம் மேலே மிதந்தன.

"பாசி நாறிக்கினு இருந்திச்சி. சுத்தம் பண்ணேன். தண்ணி ஆற வெக்க மறந்துட்டேன்" என்றார் காசிம்.

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மறக்காதவர். நான் நம்பவில்லை. அவளும் நம்பியிருக்க மாட்டாள். டீ வடிகட்டியால் அத்தனையையும் அள்ளி முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

சொன்னபடியே செங்கேணி பிளாஸ்டிக் பைகளோடு வந்தார். கடையில் உட்கார்ந்திருந்த காசிமைத் தாண்டி, வீட்டு வாசலில் நின்று, குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டார். சனோபர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? இந்த வூட்ல மீனுன்னா அவருதான். அவரையே கேளுங்க."

நான் மிஷினை நிறுத்தினேன். காசிம் ட்யூபும் கையுமாக எழுந்து நின்றார். கடைத்தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.